கொருக்குப்பேட்டைக் காற்றும் பெரியப்பாவின் ரிசீவரும்

கொருக்குப்பேட்டையிலிருந்து:

ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் இருக்கும் பழைய ஸ்டீரியோ ரிசீவரில் ஒரு பக்கம் ஒலி நின்றுவிட்டால் பழி முதலில் விழுவது, ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர் மேல்தான். எங்கள் வீட்டு செட்டுக்கும் அதே தீர்ப்பு. மெக்கானிக் ஒருவர் மூடியைக்கூடத் திறக்காமல், "டிரான்சிஸ்டர் போய்விட்டது, கெப்பாசிட்டர் மொத்தமும் மாற்றியாக வேண்டும்" என்று ஒரு தொகையைச் சொன்னார். கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன்.

செட் பெரியப்பாவுடையது. சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். எழுபதுகளின் கடைசியில் ஜப்பானிலிருந்து வாங்கி வந்தார். அலுமினிய முகப்பு, மரப்பெட்டி, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். பெரியம்மா அதன்மேல் பின்னல் விரிப்பு போட்டு சாமி படம் வைத்திருந்தார். காற்றுத் துளைகள் அத்தனை வருடமும் அடைபட்டே கிடந்தன.

இனி கோளாறு. ஒலி குறைவாக இருந்தால் இடது ஸ்பீக்கர் வாயே திறக்காது. வால்யூமை நன்றாகக் கூட்டினால் படபடவென்று இரைந்து, திடீரென்று முழுச் சத்தத்தோடு வரும். அதன்பிறகு குறைத்தாலும் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் பாடும். மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி. செத்த டிரான்சிஸ்டர் இப்படி எழுந்து வந்து பாடுமா? எங்கோ ஒரு தொடுமுனையில் கறை ஏறியிருக்கிறது. மெல்லிய சிக்னலால் அதைத் துளைக்க முடியவில்லை, சத்தம் கூடும்போது துளைத்துவிடுகிறது. அதுதான் என் கணக்கு.

முதலில் ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கர்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. செட்டின் பின்புறம் பிரீ அவுட் (முன்பகுதியின் சிக்னல் வெளியே வரும் இடம்), மெயின் இன் (அது பவர் ஆம்புக்குள் போகும் இடம்) என்ற சாக்கெட்டுகளை 'ப' வடிவக் கம்பிகள் இணைத்திருக்கும். அவற்றைப் பிடுங்கிவிட்டு, இடது பிரீ அவுட்டை வலது மெயின் இன்னுக்கும் வலதை இடதுக்குமாகக் கேபிளால் குறுக்கே மாட்டினேன். கோளாறு வலப்பக்கம் தாவியிருந்தால் குற்றவாளி முன்பகுதியில் இருக்கிறான் என்று பொருள். தாவவில்லை. ஆக, சிக்னலை ஸ்பீக்கருக்கு ஏற்ற பலமாக்கும் பவர் ஆம்ப், அல்லது அதற்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ரிலே, அதாவது மின்சாரத்தால் தானாகச் சேர்ந்து பிரியும் சுவிட்ச். மூடியைத் திறக்காமலே இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். ஆனால் மெக்கானிக் திறக்காமல் சொன்னது வேறு வகை.

திறந்தபின் முதல் வேலை, மின் இணைப்பில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகச் சேர்த்தது. ஆன் செய்ததும் பளிச்சென்று எரிந்து மங்கியது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அடுத்து, ரிலேக்கு முன்னால் இடது சேனலில் மல்டிமீட்டரை வைத்தேன். டி.சி. மின்னழுத்தம் 18 மில்லிவோல்ட்தான். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் இங்கே பல வோல்ட் நிற்கும், பாதுகாப்புச் சுற்றும் ரிலேயைச் சேர விடாது. எங்கள் செட்டில் சில விநாடிகள் கழித்து 'டிக்' என்று ரிலே சேரும் சத்தம் ஒருநாளும் தவறியதில்லை.

ரிலேயின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி டார்ச் அடித்தேன். வலது தொடுமுனை மங்கிய சாம்பல் நிறம். இடது, அடுப்புக்கரிபோல் கருத்து, நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழியும் விழுந்திருந்தது.

தொடுமுனைகளில் இருப்பது வெள்ளி, வெள்ளியைக் கருக்குவது கந்தகம். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் குடியிருப்பவர்களுக்கு அந்த அழுகிய முட்டை நாற்றத்தை நான் விளக்க வேண்டியதில்லை, ஹைட்ரஜன் சல்பைடு. வீட்டில் கொலுசையும் குங்குமச் சிமிழையும் கருக்கும் அதே காற்றுதான் ரிலேக்குள்ளும் போகிறது. செலக்டர் சுவிட்ச், டேப் மானிட்டர் பொத்தான் இவற்றிலும் பெரும்பாலும் வெள்ளி முலாம்தான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். மேல்பூச்சு போய்விடும், சில மாதங்களில் மறுபடி கருக்கும். குழி விழுந்த ரிலேயை மாற்றுவதே மேல். அதே கால் அமைப்பில் 24 வோல்ட் ரிலே ஒன்றை வாங்கிப் பற்றவைத்தேன். சுவிட்சுகளில் கான்டாக்ட் கிளீனர் அடித்து முன்னும் பின்னும் ஆட்டிவிட்டேன். இடது பக்கம் இப்போது கிசுகிசுத்தாலும் கேட்கிறது. உங்கள் பக்கம் செட்டுகள் எப்படி இருக்கின்றன?

காசிமேட்டிலிருந்து:

அண்ணா, எங்களுக்குக் கந்தகத்தைவிட உப்புதான் எதிரி. என் செட்டில் ஸ்டேஷன் பிடிக்கும்போதெல்லாம் கரகரப்பு. டியூனிங் கெப்பாசிட்டரின் சுழலும் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் சின்ன ஸ்பிரிங் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. கிளீனரைத் தூரிகையில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் துடைத்தேன், சரியாகிவிட்டது. பக்கத்துத் தகடுகளை விரலால் தொடாதீர்கள். ஒன்று வளைந்தாலும் ஸ்டேஷன் இடம் மாறிவிடும்.

டயல் முள்ளை நகர்த்தும் கயிறும் அறுந்திருந்தது. எங்கள் ஊரில் நூலுக்கா பஞ்சம்? ஆளாளுக்குத் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நூல்) போடச் சொன்னார்கள். அது இழுபடும், வழவழப்பில் சக்கரத்தில் வழுக்கும். பின்னிய தூண்டில் நூல்தான் பிடித்து நிற்கிறது. பழைய கயிறு எந்தச் சக்கரத்தை எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பதைக் கழற்றுமுன் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

தம்பி, ரயில்பெட்டித் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். செட்டைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்குருடிரைவரை வைத்துப் பொறி பறக்க விடுவது வீரம் அல்ல. ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகு கையை வையுங்கள்.

இன்னொன்று. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த செட் 100 வோல்ட்டில் ஓடுவது. நம் 230-இல் நேரே சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். மின்சாரத்தைச் சரிசெய்தாலும் ரேடியோ உதவாது. அந்தக் காலத்தில் அவர்களுடைய எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை. பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒன்றை வாங்கி, "டியூனர் செத்துவிட்டது" என்று புலம்பிக்கொண்டிருந்தார். டியூனருக்கு ஒன்றும் இல்லை, முள் 90-இல் முட்டி நின்றுவிடுகிறது, அகில இந்திய வானொலியின் ரெயின்போ 101.4-இல் இருக்கிறது. இந்தியாவிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று நம் சென்னையில்தான் தொடங்கியது, அதைக் கேட்க முடியாத செட்டை ஆசையாக வாங்கினால் யார் என்ன செய்வது? உங்கள் பெரியப்பா எந்த வகையை வாங்கினார்?

தண்டையார்பேட்டையிலிருந்து:

வால்யூமைச் சுழியத்தில் வைத்தும் பொரிபொரியென்று சத்தம் வந்தால், வால்யூம் குமிழைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. என் தம்பி செட்டில் அப்படித்தான். கெப்பாசிட்டர் அசையாமல் இருக்கத் தொழிற்சாலையில் போட்ட பசை, வயதாகிக் காப்பி நிறமாக மாறி, பக்கத்து டயோடின் கால்களை அரித்திருந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அரித்த டயோடுகளை மாற்றினோம். பழைய எண் அச்சிட்ட டிரான்சிஸ்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் உஷாராக இருங்கள், போலி ஏராளம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

பெரம்பூர் ஐயாவுக்கு: பெரியப்பா விவரமானவர், ஏற்றுமதி மாடலாகப் பார்த்தே வாங்கியிருக்கிறார். பின்புறம் 110, 120, 220, 240 என்று மாற்றும் திருகு இருக்கிறது, 240-இல் வைத்திருக்கிறோம். டயலும் 88 முதல் 108 வரை. தண்டையார்பேட்டை சகோதரி சொன்ன பசை இதிலும் உண்டு, பவர் சப்ளை போர்டில் இரண்டு கெப்பாசிட்டர்களின் அடியில். இன்னும் கால்களை அரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சுரண்டிவிட்டு, செட் நன்றாகச் சூடேறிய பிறகு பயஸ் அளவையும், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டத்தையும், பார்க்கப்போகிறேன். 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 21 மில்லியாம்பியர் ஓடுகிறது. என் செட்டின் சர்வீஸ் புத்தகம் யாரிடமாவது இருந்தால் சரியான அளவை ஒப்பிட்டுக்கொள்வேன்.