ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றிய பிறகு: உங்கள் கார்புரேட்டர் கதையைச் சொல்லுங்கள்

திண்டுக்கல் டூஸ்ட்ரோக்

வண்டி 91 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, டூஸ்ட்ரோக் பைக், அப்பாவுடையது. ஏர் பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு கோன் ஃபில்டர், கூடவே வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சைலன்சர். எல்லாரும் செய்வதுதான், விளக்க வேண்டியதில்லை. மாட்டிக் கொடுத்த கடையில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். ஐடிலிங் சீராக வந்ததும் "முடிஞ்சது தம்பி, கிளம்பு" என்றார்கள். பெட்ரோல் அளவை முடிவு செய்யும் துளையான மெயின் ஜெட் பழையதேதான். எனக்கு அப்போது ஜெட் என்றால் ஆகாயத்தில் போவது மட்டும்தான்.

மதுரை போகும் நான்கு வழிச் சாலை. கொடை ரோடு டோலைத் தாண்டி ஃபுல் த்ராட்டில். அந்த வண்டி அதற்கு முன் அப்படி ஓடியதே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. சத்தம் மெலிந்து, கம்பி மாதிரி கூர்மையாகிக்கொண்டே போனது. செட்டிங் பிரமாதம் என்று நினைத்து ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டு ஓட்டினேன். முன்னால் ஒரு லாரி. த்ராட்டிலை விட்டேன். விட்ட நொடியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கிரீச்! கிளட்சைப் பிடித்தது நானில்லை, கை தானாகப் பிடித்தது. ஓரத்தில் நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை விபூதி பூசின மாதிரி வெள்ளை, பெட்ரோல் பத்தவில்லை என்று அர்த்தம். எஞ்சினுக்கு வழுக்கல் கொடுக்கும் ஆயில் டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது.

பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்திருந்தது. சிலிண்டருக்குப் போரிங், புது பிஸ்டன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பழைய புல்லட்

பாவம் உங்கள் அப்பா. ஆனால் எதற்கெடுத்தாலும் ஜெட்டைக் குற்றம் சொல்பவர்களுக்கு என் கதை.

வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350. நீளமான சைலன்சர் மட்டும் மாற்றினேன், ஃபில்டரைத் தொடவில்லை. இறக்கத்தில் த்ராட்டிலை விட்டால் பட் பட் பட்டென்று தீபாவளி. தெரிந்தவர்கள் எல்லாரும் "பெட்ரோல் பத்தலை, ஜெட் ஏத்து" என்றார்கள். மூன்று தடவை ஜெட் மாற்றினேன். மைலேஜ் போனது, பிளக் கரி பிடித்தது, வெடி மட்டும் போகவில்லை.

கடைசியில் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கார்புரேட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஈரச் சாக்கை நாலாய் மடித்து சைலன்சர் வாயில் அமுக்கினார். எஞ்சின் ஹெட்டில், புகையை சைலன்சருக்குக் கொண்டுபோகும் பெண்ட் பைப் சேரும் இடத்திலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று. "தம்பி, வெளிக்காத்து இங்க உள்ள போகுது. நீ அங்க பெட்ரோலை ஊத்திக்கிட்டு இருக்கே." டீ வடை காசில் ஒரு கேஸ்கெட். அத்தோடு தீர்ந்தது. பழைய ஜெட்டை எங்கே வைத்தேன் என்று தேடியதுதான் பெரிய வேலை.

ஜெட் நம்பர்

என் கதை சின்னது: கிளாசிக் 350, கார்புரேட்டர் மாடல், ஃபில்டர் சைலன்சர் இரண்டும் மாற்றினேன், பாதி த்ராட்டிலில் மிஸ் அடித்தது, நானே சரி செய்தேன். அவ்வளவுதான்.

ஆனால் மேலே இரண்டு பேருமே முறையாகச் செய்யவில்லை என்பதால் சொல்கிறேன். ஐடிலிங்கிலிருந்து கால் த்ராட்டில் வரை பெட்ரோல் அளவைப் பார்த்துக்கொள்வது பைலட் ஜெட் என்ற சின்னத் துளையும் ஸ்க்ரூவும். கால் முதல் முக்கால் வரை நீடில் என்ற ஊசி. அதற்கு மேல்தான் மெயின் ஜெட். திண்டுக்கல் நண்பரின் கடைக்காரர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பியிருந்தாலும் டோலைத் தாண்டிய பிறகு அது எதற்கும் உதவாது. கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். எந்தக் கோட்டில் திணறுகிறது என்று முதலில் பாருங்கள். ஃபுல் த்ராட்டில் சரியா என்று தெரிய, காலியான சாலையில் கொஞ்ச தூரம் முழுதாகத் திருகி ஓட்டி, அதே வேகத்தில் கிளட்சைப் பிடித்து கில் சுவிட்சை அமுக்கி, உருட்டி நிறுத்தி பிளக்கைப் பாருங்கள். ஐடிலிங்கில் வீடு வரை வந்து பார்த்தால் அது ஐடிலிங்கின் நிறம். காப்பிப்பொடி நிறம் நல்லது, வெள்ளை ஆபத்து, கரி என்றால் பெட்ரோல் கூடுதல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும், உள்ளே திருப்பினால் குறையும். அப்புறம், ஜெட் ஓட்டையைக் கம்பி விட்டுக் குடைந்து பெரிதாக்கும் ஆட்களிடம் வண்டியை விடாதீர்கள்.

சேலம் லேத்

ஜெட் நம்பர் அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. அந்த ஸ்க்ரூ விஷயம் உங்கள் வண்டிக்குச் சரி. அதில் ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருக்கும், பெட்ரோலைத் திறந்து மூடும். ஆர்எக்ஸிலும் பழைய புல்லட்டிலும் ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம். அது காற்றைத் திறப்பது. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடாது, காற்றுதான் கூடும். உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் ஆர்எக்ஸில் ஸ்க்ரூவை வெளியே எடுத்தால் நோயைக் கூட்டும் மருந்து கொடுத்த மாதிரி. டேப் கோடும் உங்கள் வண்டிக்கு அப்படியே ஒத்து வராது. அதில் நீடிலைத் தாங்கும் ஸ்லைடைத் தூக்குவது கேபிள் இல்லை, எஞ்சின் இழுக்கும் வாக்யூம்.

இன்னொன்று. திண்டுக்கல் தம்பி, டேங்கில் ஆயில் இருந்தால் போதுமா? பம்ப் அனுப்பியதா? த்ராட்டில் கேபிளோடு சேர்ந்து ஆயில் பம்ப் கேபிளும் இழுக்கும். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவர் அதைச் சரி பார்த்தாரா? நான் ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் அதைப் பார்க்காமல் விட்டேன். இரண்டு நாள் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்திவிட்டு, பேசாமல் சாவியை மட்டும் மேஜையில் வைத்தார். அந்தச் சாவி வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

குன்னூர் இறக்கம்

சண்டை முடிந்ததா?

எனக்குக் கோயம்புத்தூர். இந்தத் திரியில் சொல்கிற மாதிரியே பயந்து பயந்து பெட்ரோல் கூடட்டும் என்று மெயின் ஜெட் ஒரு நம்பர் கூட்டி, நீடிலையும் ஏற்றி வைத்திருந்தேன். ஊரில் அருமை. கணவரைப் பின்னால் உட்கார வைத்து ஊட்டிக்குக் கிளம்பினேன். குன்னூர் தாண்டியதும் வண்டிக்கு மூச்சு முட்டியது. ஊட்டி 2,240 மீட்டர், காற்று மெலிசு, பெட்ரோல் மட்டும் கீழே கொடுத்த அதே அளவு. ஒரு வளைவில் வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடிக்க, என்னவர் இறங்கித் தள்ளுகிறார், நான் இருக்கையில் உட்கார்ந்து திருகுகிறேன். பேருந்தின் ஜன்னல் எல்லாம் முகங்கள். அதில் ஒரு பாட்டி, "எறங்கி நீயும் தள்ளும்மா" என்றார்.

அங்கிருந்த மெக்கானிக் நீடில் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றி மாட்டினார், நீடில் இறங்கி பெட்ரோல் குறைந்தது, வண்டி ஓடியது. "கீழ போனதும் பழையபடி மாத்திடுங்கக்கா" என்றார். மறந்தேன். பத்து நாள் கழித்து ஊர் வெயிலில் ஓட்டும்போது பெண்ட் பைப் சூட்டில் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்துத்தான் நினைவு வந்தது.

பழைய புல்லட்

பாட்டி சொன்னது சரிதானே.

திண்டுக்கல் டூஸ்ட்ரோக்

சேலம் அண்ணா, ஆயில் பம்ப் கேபிளை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நேற்று இரவு நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. கழற்றிப் போட்ட பிஸ்டன் இன்னும் அலமாரியில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும்தான் கோடு கோடாக உரசல். அதை வைத்து எதனால் என்று சொல்ல முடியுமா?

ஒரிஜினல் ஏர் பாக்ஸையே திரும்ப மாட்டிவிட முடிவு செய்திருக்கிறேன். பாக்ஸ் பரணில் கிடைத்தது. அம்மா அதில் பழைய பல்புகளைப் போட்டு வைத்திருந்தார். கார்புரேட்டருக்கும் பாக்ஸுக்கும் நடுவில் வரும் ரப்பர் மட்டும் வெடித்துப் போயிருக்கிறது. யாரிடமாவது நல்லது ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.