கேவிஎம்_ரன் -1, ஈஃபால்ட்: எஸ்என்பி கெஸ்ட் பூட் ஆகும்போதே விழுந்துவிடுகிறது

மூன்றாம்வளையம்:
வணக்கம். குவெமு இல்லாமல், லினக்ஸின் கேவிஎம் வழியாக விர்ச்சுவல் மெஷின் (விஎம்) ஓட்டும் விஎம்எம் ஒன்றை சி-யில் சின்னதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மெஷின் ஏஎம்டி எபிக் 7003, லினக்ஸ் 6.11. சாதாரண விஎம் ஒழுங்காக ஓடுகிறது. அதையே எஸ்இவி-எஸ்என்பி (கெஸ்டின், அதாவது உள்ளே ஓடும் விஎம்மின், மெமரியை ஹோஸ்டிடமிருந்து காக்கும் ஏஎம்டி வசதி) ஆக்கினால் ஃபர்ம்வேர் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது. விஎம்மை ஓட்டும் கேவிஎம்_ரன் அழைப்பு -1 திருப்புகிறது, எர்ர்நோவில் (பிழை எண்) ஈஃபால்ட் (தவறான முகவரி). கர்னல் லாக்கில் ஒரு வரிகூட இல்லை. மெம்ஸ்லாட் (கெஸ்ட் ரேமின் பகுதி), கெஸ்ட்_மெம்எஃப்டி (கெஸ்டின் பிரைவேட் மெமரிக்கான ஃபைல்) எல்லாம் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். இது கர்னலில் உள்ள பக் (பிழை) ஆக இருக்குமா?

பக்கவாசி:
பக் இல்லை தம்பி. -1 வந்ததும் எக்ஸிட்_ரீசனை (கெஸ்ட் ஏன் வெளியே வந்தது என்று சொல்லும் எண்) பார்க்காமலே லூப்பை உடைக்கிறீங்க போல. மற்ற எக்ஸிட் எல்லாம் 0 திருப்பும். கேவிஎம்_எக்ஸிட்_மெமரி_ஃபால்ட், எண் 39, அது மட்டும் -1 திருப்பும். கூடவே ஈஃபால்ட் அல்லது ஈஹெச்டபிள்யூபாய்சன் (ஹார்டுவேரில் கெட்டுப்போன மெமரி). கர்னல் ஆவணத்திலேயே அந்த வரிக்கு ஆச்சரியக்குறி போட்டிருக்காங்க. யாருக்கு வந்த புத்தியோ. வேறு எர்ர்நோ வந்தால் எக்ஸிட்_ரீசனை நம்பவே கூடாது, அது பழைய மதிப்பா இருக்கலாம்.

அந்த எக்ஸிட்டில் ஜிபிஏ (கெஸ்ட் பார்க்கும் மெமரி முகவரி), அளவு, ஃபிளாக் மூன்றும் வரும். ஃபிளாக்கில் 3-வது பிட் இருந்தால் கெஸ்ட் அந்தப் பக்கத்தை (மெமரி பேஜ்) பிரைவேட்டாக, அதாவது தனக்கு மட்டும் என்று, தொட்டிருக்கு, இல்லாவிட்டால் ஹோஸ்டோடு பகிர்ந்த ஷேர்டாக. அந்தப் பக்கத்துக்கு நீங்க வைத்திருக்கிற பிரைவேட்/ஷேர்ட் அட்ரிபியூட் அதுக்கு நேர்மாறாக இருக்கு. கேவிஎம்_செட்_மெமரி_அட்ரிபியூட்ஸ் கூப்பிட்டு மாற்றிவிட்டு மறுபடி ரன் பண்ணுங்க.

ஆனால் கண்ணை மூடிக்கிட்டு மாற்றாதீங்க. ஜிபிஏ உங்க ரேமுக்குள் இருக்கான்னு முதலில் பாருங்க. எம்எம்ஐஓ (சாதனங்களுக்கான) முகவரியை கெஸ்ட் சி-பிட்டோடு (பிரைவேட் என்று குறிக்கும் பிட்) தொட்டாலும் இதே எக்ஸிட்தான் வரும். அங்கே மாற்றிக்கொண்டே இருந்தால் விடிய விடிய அதே ஜிபிஏதான் திரும்பி வரும். அப்படி வந்தால் விஎம்மை நிறுத்துவதுதான் சரி.

மூன்றாம்வளையம்:
அண்ணா, அதேதான். கெஸ்ட் லாகின் வரை வந்துவிட்டது, நன்றி. ஆனால் 4 ஜிபி கெஸ்டுக்கு ஹோஸ்டில் மெமரி அதற்கும் மேலே ஏறிக்கொண்டே போகிறது. இன்னொரு சந்தேகம்: ஹோஸ்டே தன் இஷ்டத்துக்கு பிரைவேட், ஷேர்ட் என்று மாற்றலாம் என்றால் இதில் என்ன பாதுகாப்பு?

பக்கவாசி:
ஒவ்வொரு ஜிபிஏவுக்கும் பின்னால் இரண்டு இடத்தில் மெமரி இருக்கு: ஷேர்டுக்கு உங்க விஎம்எம் எம்மேப்பில் எடுத்த மெமரி, பிரைவேட்டுக்கு கெஸ்ட்_மெம்எஃப்டி. அட்ரிபியூட்டை மாற்றினால் பழைய பக்கம் தானாகப் போகாது. பிரைவேட் ஆக்கினதும் ஷேர்ட் பக்கத்தை மேட்வைஸ் அழைப்பால் ஹோஸ்டுக்குத் திருப்பி விடுங்க. ஷேர்ட் ஆக்கினதும் மெம்எஃப்டியில் ஃபாலோகேட் அழைப்பை வைத்து ஓட்டை போடுங்க, அந்த இடம் விடுபடும். அட்ரிபியூட் முதலில், விடுவது பிறகு.

பாதுகாப்பு, எந்தப் பக்கம் யாருடையது என்று சிபியு பார்க்கும் ஆர்எம்பி அட்டவணையில் இருக்கு. ஹோஸ்ட் ஒரு பக்கத்தின் பதிவை மாற்றினாலே அதன் வேலிடேட்டட் பிட் (கெஸ்ட் ஏற்றுக்கொண்ட பக்கம் என்ற குறி) அழிந்துவிடும். அதைத் திரும்ப வைக்கிற பிவேலிடேட் கட்டளை கெஸ்ட் கையில்தான். கெஸ்டுக்குத் தெரியாமல் பக்கத்தை எடுத்துவிட்டு வேறொன்றைச் சொருகினால், அடுத்து தொடும்போது கெஸ்டுக்குள் விசி எக்ஸெப்ஷன் 0x404 கோடோடு (வேலிடேட் ஆகாத பக்கம்) வரும், லினக்ஸ் கெஸ்ட் தன்னையே முடித்துக்கொள்ளும். ஹோஸ்ட் கெடுக்கலாம், ஆனால் ஏமாற்ற முடியாது. கெஸ்ட் விழுவதைத் தடுப்பதாக எஸ்என்பி வாக்கே கொடுக்கலை.

ஒழுங்கான லினக்ஸ் கெஸ்ட் முன்கூட்டியே கேட்டுத்தான் மாற்றும். அது ஹைப்பர்கால் (கெஸ்ட் ஹோஸ்டிடம் வைக்கும் கோரிக்கை) எக்ஸிட்டாக உங்களிடம் வரும். அதையும் கையாளுங்க.

நுனிப்புல்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதே எக்ஸிட் வருகிறது, ஆனால் பிரைவேட்டாகத் தொட்ட பக்கத்துக்கும் ஃபிளாக் 0 என்றுதான் வருகிறது. ஷேர்ட் ஆக்கினால் அப்புறம் எக்ஸிட்டே இல்லை, விசிபியு (கெஸ்டின் சிபியு) 100 சதவீதத்தில் சுற்றுகிறது. கர்னல் பழையது, எஸ்என்பி பேட்ச்களை மட்டும் நாங்களே எடுத்து ஒட்டியது.

பக்கவாசி:
ஃபால்ட் எரர் கோட் எங்கேயாவது யு32 (32 பிட் எண்) ஆக மாறுதான்னு பாருங்க. ஆர்எம்பி ஃபால்ட் என்று சொல்வது 31-வது பிட், என்க்ரிப்ட் செய்த அணுகல் என்று சொல்வது 34. 32 பிட்டில் வெட்டினால் முதலாவது தப்பிக்கும், இரண்டாவது போச்சு. கேவிஎம் எல்லாவற்றையும் ஷேர்ட் என்றே நினைக்கும். கேவிஎம்மின் பழைய எம்எம்யூ (மெமரி முகவரிகளைக் கையாளும்) கோடில் கீழ் 32 பிட்டை மட்டும்தான் உள்ளே அனுப்புவாங்க. 64 பிட்டையும் அனுப்புகிற பேட்ச் தனியாக வந்தது, உங்க ஒட்டில் அது விட்டுப்போயிருக்கும். அதைத் தேடி எடுப்பதைவிட 6.11-க்கு மாறுவது சுலபம்.