அம்மாவின் செயற்கை மூட்டும் விமான நிலையச் சோதனையும்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். இரு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தாயாரை அடுத்த மாதம் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்கிறேன். சென்ற பயணத்தில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) உலோகச் சோதனை வாயிலைக் கடந்ததும் மணி ஒலிக்க, திரைக்குப் பின்னே பெண் காவலர் கைக்கருவியால் சோதித்து முடிக்கும்வரை, தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்களோ என்ற பதற்றத்தோடு அவர் நின்றுகொண்டே இருந்தார்; நானோ மறுபுறம், அவருடைய கைப்பையின் அடியில் பழைய துணியில் சுற்றியிருந்த 200 மி.லி. தைலப் புட்டிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். 100 மி.லி.க்கு மேற்பட்ட புட்டி பாதி காலியாக இருந்தாலும் பன்னாட்டுப் பயணத்தில் கைப்பையில் செல்லாது என்பது அன்றுதான் உறைத்தது.

இம்முறை தைலம் பெரிய பெட்டிக்குள் போய்விடும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பதும் தெரியும். நான் கேட்பது வேறு. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் கடிதத்தையோ எக்ஸ்ரே நகலையோ காட்டினால் சோதனை விரைவாக முடிகிறதா, அல்லது அதை யாரும் பார்ப்பதே இல்லையா? சக்கர நாற்காலியை முன்பதிவிலேயே கேட்டுவிட்டால், சோதனையின்போது அவர் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே இருக்கலாமா? தம் பெற்றோரை இவ்வாறு அழைத்துச் சென்றவர்கள், குறிப்பாகச் சென்னைப் பன்னாட்டு முனையத்தில், நடந்ததை நடந்தபடி எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.