முட்டுக் கொடுக்காமல் இவ்வளவு பெரிய குவிமாடமா?

வில்லாபுரம் சென்ட்ரிங்:
எனக்கு சென்ட்ரிங் தொழில், கான்கிரீட் இறுகும்வரை தாங்கப் பலகையும் முட்டும் அடிப்பது. இத்தாலியில் ஃபிளாரன்ஸ் பேராலயத்துக் குவிமாடத்தை 1420-இல் தொடங்கி 1436-க்குள் முட்டே கொடுக்காமல் செங்கல்லில் எழுப்பினார்கள் என்கிறாள் மகள். குறுக்களவு சுமார் 45 மீட்டராம். பத்தடி அறைக்கே முட்டுகளை ஒரு நாள் முன்னால் பிரித்தால் எனக்குத் தூக்கம் வராது. கட்டிய புருனெலெஸ்கி தொழில் பழகியதே தட்டானாகத்தானாம். கதை வேண்டாம், வேலை நுணுக்கம் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
நம்ம நாயக்கர் மகாலையும் இத்தாலிக்காரர்தான் கட்டினாராமே. அதே நுணுக்கமாக இருக்கும்.

பழைய சுண்ணாம்பு:
பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. முதலில், ஆள் நின்று கட்டச் சாரம் இருந்தது. மாடத்தைத் தாங்கும் முட்டுதான் இல்லை. மாடமே தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பம்; அவ்வளவு மரத்துக்கு எங்கே போவது?

வளையம் வளையமாகக் கட்டினார்கள். ஒரு வளையம் சுற்றி முடிந்துவிட்டால் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். முடிவதற்குள்தான் ஆபத்து. மேலே போகப் போகச் சுவர் உள்பக்கம் சாயும், கலவை இறுகியிருக்காது, செங்கல் வழுக்கும். அதனால் படுக்கைச் செங்கல்களுக்கு இடையிடையே ஒன்றைக் குத்தாக நிறுத்தினார்கள். அது கீழே இறுகிய வரியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு குத்துச் செங்கலுக்கு நடுவே மாட்டியது நகராது. மாடத்துக்கு மேலோடும் ஒன்றல்ல, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு. நடுவில் ஏறிப்போக வழி.

எனக்குப் பிடித்தது பாரம் தூக்க அவர் செய்த எந்திரம். மாடு பூட்டியதுதான். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் நம்ம கமலையில் மாடு பின்னாலேயே நடந்து மேட்டுக்கு வர வேண்டும். இவரோ பல்சக்கரத்தை மாற்றிவிடுவார். மாடு ஒரே பக்கம் சுற்றும், பாரம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். தட்டான் மூளை!

தெற்குவாசல்காரருக்கு: மகால் 1636. அந்த இத்தாலிக்காரர் பெயரைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வரும், ஆதாரம் வராது. செங்கல்லும் சுண்ணாம்பும் நம் ஆட்களுக்கு யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. 1866-72-இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்துப் பழுதுபார்ப்பும் அதில் கலந்திருக்கிறது, அதையும் பிரித்துப் பார்த்துத்தான் பேசணும்.

வில்லாபுரம் சென்ட்ரிங்:
குத்துச் செங்கல் புரிந்தது. ஆனால் படத்தில் மாடம் எட்டுப் பட்டையாக இருக்கிறதே? வட்டமாக இருந்தால்தானே நெருக்கிக்கொண்டு நிற்கும்?

பழைய சுண்ணாம்பு:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். உள் ஓடு அடியில் 2 மீட்டருக்கு மேல் கனம். வெளியே எட்டுப் பட்டை தெரிந்தாலும் அந்தக் கனத்துக்குள்ளேயே ஒரு முழு வட்டம் அறுபடாமல் ஓடுகிறது. நெருக்கிப் பிடிப்பது அந்த வட்டம். காகிதத்தில் அந்தக் கனத்தை இடைவெளியாக விட்டு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எட்டுமூலை போட்டு, நடுவில் காம்பஸ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், தெரியும்.