இஎஸ்சியை அணைத்துவிட்டு ஓட்டுபவர்தான் நல்ல டிரைவரா?

மழைச்சாலை:
நேற்று கியர்மணி அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் (இஎஸ்சி, வழுக்கும் காரைத் தானாகக் கட்டுக்குள் கொண்டுவரும் ஏற்பாடு) எல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு. கை பழகியவனை அது கெடுத்துவிடும். வண்டியை எடுத்ததும் நான் பட்டனை அழுத்தி அணைத்துவிடுவேன்" என்கிறார். கீழே ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. இதை நம்பி ஒரு பையன் மழை நாளில் மலைப்பாதையில் அணைத்துப் பார்த்தால் யார் பொறுப்பு?

கேள்வி ஒன்றுதான் அண்ணே. உங்கள் காலடியில் இருப்பது ஒரே பிரேக் பெடல். மிதித்தால் நான்கு சக்கரத்துக்கும் போகும். இஎஸ்சி ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்கும். பின்பக்கம் வழுக்கினால் வெளிப்பக்க முன்சக்கரம். மூக்கு திரும்பாமல் நேரே ஓடினால் உட்பக்கப் பின்சக்கரம். இதை நீங்கள் எந்தக் காலால் செய்வீர்கள்?

கியர்மணி:
என் பேரை இழுத்ததால் வருகிறேன். நான் பழகியது அம்பாசடரில். அதில் ஏபிஎஸ் (பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) கூடக் கிடையாது. பின்பக்கம் ஒதுங்கினால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விடாமல் அளவாக வைத்து எடுத்துவிடுவோம். வண்டி என்ன செய்யப் போகிறது என்று முதுகிலேயே தெரியும். இஎஸ்சி அதைத் தெரியவிடாது. வளைவிலிருந்து வெளியே வரும்போது எனக்கு இழுவை வேண்டும், அது சரியாக அப்போதுதான் என்ஜினைக் குறைக்கும். உலகத்தின் சிறந்த டிரைவர்கள் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் இருக்கிறார்கள். அங்கே இந்த மாதிரி உதவிகளுக்குத் தடை. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மழைச்சாலை:
தடை ஏன் வந்தது என்று யோசித்தீர்களா? 1994-ல் டிராக்‌ஷன் கண்ட்ரோல் (வேகமெடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது), ஏபிஎஸ் இரண்டையும் நீக்கினார்கள். டிராக்‌ஷன் கண்ட்ரோல் 2001-ல் திரும்ப வந்தது, 2008-ல் மறுபடி தடை. பயன்படாத பொருளை யாராவது தடை செய்வார்களா? சாம்பியனுக்கே அது உதவுகிறது, டிரைவர்களுக்குள் வித்தியாசம் தெரியாமல் போகிறது என்பதால்தான் எடுத்தார்கள். ரேஸில் வித்தியாசம் தெரிய வேண்டும். சாலையில் உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும்.

பெடல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

டிராக்டர்வீடு:
பெடல் பெடல் என்கிறீர்களே, எங்கள் டிராக்டரில் பிரேக் பெடல் இரண்டு. இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வரப்போரம் திருப்பும்போது உட்பக்கத்தை மட்டும் மிதித்துத்தான் சுழற்றுகிறோம். மனுஷன் காலால் ஆகாது என்று எங்களிடம் சொல்லாதீர்கள்.

கியர்மணி:
அப்படிச் சொல்லுங்கள்! 1997-ல் மெக்லாரன் ஃபார்முலா ஒன் காரில் கூடுதலாக ஒரு பெடல் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் பிடித்து ஓட்டினார்கள். அதன் டிரைவர் ஹாக்கினென் காலால்தானே மிதித்தார், கம்ப்யூட்டரா மிதித்தது?

மழைச்சாலை:
அதையும் 1998-ல் தடை செய்தார்கள் அண்ணே. ஒரு சக்கரத்தைத் தனியாகப் பிடிப்பதில் அவ்வளவு லாபம். இரண்டு பேரும் என் கட்சிக்கே வாதாடுகிறீர்கள். டிராக்டரில் இரண்டு பெடல், மெக்லாரனில் கூடுதலாக ஒன்று. உங்கள் வீட்டுக் காரில் நான்கு பெடல் எங்கே இருக்கிறது?

இதையும் கேளுங்கள். ஆடி டிடி கார் 1998-ல் விற்பனைக்கு வந்தபோது அதில் இஎஸ்சி இல்லை. ஜெர்மனியின் ஆட்டோபான் விரைவுச்சாலையில் 180 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது சட்டென்று தடம் மாறினால் பின்பக்கம் பிடி விட்டது. உயிர்கள் போயின. கம்பெனி கார்களைத் திரும்ப அழைத்து இஎஸ்சியைச் சேர்த்தது. அந்த வேகத்தில் அங்கே ஓட்டியவர்கள் எல்லோரும் கத்துக்குட்டிகளா?

கியர்மணி:
பாதியை விழுங்கிவிட்டீர்களே! அதோடு சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள், பின்பக்கத்தைக் காற்றால் அழுத்தும் ஸ்பாய்லரும் வைத்தார்கள். கார் சரியில்லை, அதைச் சரி செய்தார்கள். 1997-ல் ஸ்வீடன் பத்திரிகைக்காரர்களின் எல்க் சோதனையில் (தடையைத் தவிர்க்கச் சட்டென்று திருப்பிப் பார்ப்பது) மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்ததே, அதுவும் உயரமான காரின் குறை. டிரைவர் குறை இல்லை.

புதுக்கார்:
நடுவில் ஒரு சந்தேகம். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்தால் என் காரில் என்ஜின் அடங்கிவிடுகிறது. இதுவும் இஎஸ்சிதானே?

மழைச்சாலை:
இல்லை தம்பி, அது பிரேக் ஓவர்ரைடு. வேறு ஏற்பாடு.

டயர்கடை பாலா:
எல்லாம் தெரிந்த மாதிரி பேச வேண்டாம். டயருக்கு நைட்ரஜன் காற்று அடிப்பது பற்றிப் பேசியபோது என்னை "வியாபாரி" என்று ஏளனம் செய்தவர்தானே நீங்கள்? அதற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை. டயர் தேய்ந்திருந்தால் உங்கள் இஎஸ்சி எதைப் பிடிக்கும்? சாலையில் பிடிப்பைக் கொடுப்பது டயர்.

மழைச்சாலை:
டயர் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? வியாபாரி என்றது வசவு இல்லை, உங்கள் தொழில். கியர்மணி அண்ணனுக்கு இன்னொன்று. பல கார்களில் அந்தப் பட்டன் டிராக்‌ஷன் கண்ட்ரோலைத்தான் அணைக்கும். வேகம் கூடினால் இஎஸ்சி தானாகத் திரும்ப வரும். இத்தனை காலம் உங்களைக் காப்பாற்றியது எதுவோ!

கியர்மணி:
என் கார் கையேட்டை நான் படித்திருக்கிறேன். நீங்கள் சொல்லித் தர வேண்டாம்.

மழைச்சாலை:
சரி, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை இதைக் கட்டாயமாக்கும்போது போட்ட கணக்கைப் பாருங்கள். வேறு வண்டி மோதாமல் தானாகக் கட்டுப்பாடு இழக்கும் விபத்துகள் கார்களில் 34 சதவீதம், எஸ்யூவிகளில் 59 சதவீதம் குறையும் என்றார்கள். அதன் பிறகுதான் அங்கே 2012 மாடல் முதல் கட்டாயம். ஐரோப்பாவில் 2014 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும்.

கியர்மணி:
அது ஊர் சராசரி. அந்தச் சராசரியில் நான் இல்லை. கொல்லிமலைக்கு வாருங்கள். எழுபது கொண்டை ஊசி. அணைத்துவிட்டு ஓட்டிக் காட்டுகிறேன்.

மழைச்சாலை:
பஸ்ஸும் பள்ளிப் பிள்ளைகளும் போகிற பாதையில் பந்தயமா? கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் தரையை நனைத்துவிட்டு ஓட்டுங்கள். ஒரு முறை அணைத்து, ஒரு முறை போட்டு. ஒரே பெடலோடு.

டிராக்டர்வீடு:
டிராக்டரோடு வரலாமா என்றும் சொல்லுங்கள். என் கேள்விக்கு ஒருவரும் ஒழுங்காகப் பதில் தரவில்லை.

கியர்மணி:
கரி சமதளம். மலை இறக்கத்தில் எடை முன்பக்கம் சாய்வதே வேறு. கொல்லிமலை என்றால் வருகிறேன். இல்லையென்றால் இந்தப் பேச்சை விடுங்கள்.