மகளுக்கு மெடிசின் இன்டர்வியூ: விடைகளைப் பாடமாக்கிப் போகலாமா?

ஹரோ_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மகள் ஏலெவல் கடைசி வருடம். ஒக்டோபர் 15க்கு முன்னமே யூகாஸில் (பிரிட்டனில் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற இடம்) மெடிசினுக்கு நாலு இடம் போட்டாள், ஐந்தாவதாக பயோமெடிக்கல் சயன்ஸ். ஒரு கம்பஸ் கூப்பிடாமலே வேண்டாம் என்றுவிட்டது, இரண்டு எம்எம்ஐக்கு (அறை அறையாகப் போய்ச் செய்கிற குறு இன்டர்வியூக்கள்) கூப்பிட்டிருக்கிறது, மற்றது இன்னும் மூச்சு விடவில்லை.

வீட்டில் ஆளுக்கு ஒரு கதை. என் மச்சாள் தன் மகனை வாரக்கடைசி வகுப்புக்கு நல்ல காசு கட்டி அனுப்பி, அங்கே கொடுத்த விடைகளை அப்படியே பாடமாக்கித்தான் அவனுக்கு இடம் கிடைத்தது என்கிறா. (இதே மச்சாள்தான் அவனுடைய 3600க்கு எடுத்த யூகேட் (மெடிசின் நுழைவுப் பரீட்சை) புள்ளியோடு என் பிள்ளை 2700க்கு எடுத்ததை ஒப்பிட்டு உச்சுக்கொட்டினவ. 2025இல் ஒரு பகுதியையே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் கேட்டால்தானே.) மகளோ பாடமாக்க மாட்டேன் என்கிறாள். ஏன் மெடிசின் என்று கேட்டால், அம்மம்மாவோடு ஜிபியிடம் (குடும்ப டொக்டர்) போய் அவவுக்காக இங்கிலீஷில் பேசினதைத்தான் சொல்வாளாம். சின்ன வயதிலிருந்தே செய்கிறாள், பொய்யில்லை. ஆனால் இவருக்கு, வீட்டுக்கதையை அங்கே போய் அவிழ்க்காதே என்று கோபம். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கோ.

நைட்_டியூட்டி

அக்கா, நானும் எம்எம்ஐ வழியாக வந்தவன்தான், இப்போது வார்டில் வேலை. இந்த முறை கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. ஒரே குழுவுக்கு முன்னால் அரை மணி நேரம் இருந்தால், அதில் ஒருவருக்கு உங்களைப் பிடிக்காமல் போனாலே கதை முடிந்தது என்பதால்தான் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். கதவில் ஒட்டியிருக்கும் தாளை ஒன்றிரண்டு நிமிடம் படித்துவிட்டு உள்ளே போனால் ஐந்து முதல் எட்டு நிமிடம், மணி அடித்ததும் அடுத்த அறை, அங்கே வேறு ஆள், வேறு கேள்வி. ஒரு அறையில் சொதப்பினால் அதை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், அடுத்தவருக்கு அது தெரியாது.

பாடமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். எல்லாரும் பயிற்சி செய்கிற பழைய நடிப்புக் கேள்வி: நீங்கள் கார் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பூனை செத்துவிட்டது, போய்ச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நடிகை சிரித்த முகத்தோடு இருப்பார், “பூசியைக் கண்டீர்களா?” என்று அவரே கேட்பார். பாடமாக்கின பிள்ளை வானிலையில் தொடங்கி மூன்று நிமிடம் சுற்றும், அல்லது “உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது” என்று அவர் அழ முதலே சொல்லிவிடும். செய்ய வேண்டியது, இருக்கச் சொல்லி, கெட்ட செய்தி ஒன்று என்று சொல்லி, உண்மையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருப்பது. அந்தப் பேசாமல் இருக்கிற பத்து வினாடிதான் கஷ்டம். வேறு பூனை வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் முடிந்தது.

நெறிமுறைக் கேள்வியும் அப்படித்தான். 14 வயதுப் பிள்ளை கருத்தடை மாத்திரை கேட்கிறாள், அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்கிறாள். 1985 கில்லிக் தீர்ப்பின் (16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் விஷயம் நன்றாக விளங்கினால் தானே சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம் என்றது) பெயரைச் சொல்வதால் மட்டும் புள்ளி வராது. அவளுக்கு விஷயம் விளங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பாய், யாராவது அவளைக் கட்டாயப்படுத்துகிறார்களா, அவளே அம்மாவிடம் சொல்ல எப்படி உதவுவாய் என்றுதான் தோண்டுவார்கள்.

வெளியாள்

நான் டொக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரி இன்டர்வியூக்களில் பொதுமக்கள் பக்கத்திலிருந்து புள்ளி போடவும் ஆட்களை எடுப்பார்கள், அப்படி இருந்திருக்கிறேன். பாடமாக்கின விடையை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, ஒரு துணைக்கேள்வி போட்டால் தானே உடையும்.

அம்மம்மா கதையைத் தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் “நான் உதவினேன், மனசு நிறைந்தது” என்று அங்கேயே நிறுத்தினால் எடுபடாது. வீட்டுப் பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்கக்கூடாது, தொழில்முறை ஆள் வேண்டும் என்றுதான் என்எச்எஸ் (இங்கத்தைய அரச மருத்துவ சேவை) சொல்கிறது, அது உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும். நான் என்றால் அடுத்ததாக இதைத்தான் கேட்பேன்: டொக்டர் சொன்னதையோ அம்மம்மா சொன்னதையோ எப்போதாவது மாற்றிச் சொன்னாயா, விட்டுவிட்டாயா? அதற்கு அவளிடம் நேர்மையான விடை இருந்தால் வாரக்கடைசி வகுப்புக்காசு மிச்சம்.

மதுரைக்காரி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு எம்பிபிஎஸ்ஸுக்கு நீட் மார்க்தான், அப்புறம் கவுன்சிலிங், நேர்முகமே கிடையாது. முன்பு வேலூர் சிஎம்சியில் மட்டும் சில நாள் அங்கேயே தங்கவைத்துப் பேசி, குழுவாக வேலை கொடுத்துப் பார்ப்பார்கள், நீட் வந்தபின் அதுவும் போயிற்று. என் சந்தேகம் இதுதான். பூனை, நடிகை, துணைக்கேள்வி எல்லாம் வீட்டில் டாக்டர் இருக்கிற பிள்ளைக்குத்தானே சாதகம்? மார்க் என்றால் யாருடைய முகத்தையும் பார்க்காது.

நைட்_டியூட்டி

நியாயமான கேள்விதான் அக்கா, ஆனால் மார்க்கும் அப்படியொன்றும் பேதம் பார்க்காதது இல்லை, கோச்சிங் சென்டர் கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள். இங்கே ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ மாணவர்களே இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஹரோ அக்கா, பள்ளிக்கூடத்தில் முதலில் அதைக் கேளுங்கள்.

ஹரோ_அம்மா

வெளியாள் சொன்ன கேள்வியை நேற்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு சொல்கிறாள்: அம்மம்மா பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுவதில்லை, ஆனால் “போடுறன் எண்டு சொல்லு பிள்ளை” என்று கையைக் கிள்ளுவாவாம், இவளும் அப்படியே சொல்லிவிட்டாளாம், டொக்டர் குளிசையின் அளவைக் கூட்டிவிட்டாராம்! எங்களுக்கே இது தெரியாது. இவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இதைப் போய் அங்கே சொல்லலாமா?

வெளியாள்

சொல்ல வேண்டியதே அதுதான். அந்த வயதில் ஏன் அப்படிச் சொன்னாள், தானே அந்த டொக்டராக இருந்தால் அம்மம்மாவிடம் எப்படிக் கேட்டிருப்பாள் என்பதையும் யோசித்து வைக்கட்டும், ஆனால் வசனமாக எழுதி வைக்கவேண்டாம். அம்மம்மாவின் குளிசை விஷயத்தை ஜிபியிடம் நீங்களே உடனே சொல்லிவிடுங்கள், அது இன்டர்வியூவை விட அவசரம்.

நைட்_டியூட்டி

+1. இன்டர்வியூ ஒன்லைன் என்றால் கமராவைக் கண் உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள், மச்சாளை அந்த நேரம் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள்.