மூன்றடிக்கு ஓர் அடி ஏற்றம்

குழு: கல்மண்டபம் குடும்பம்

சனி இரவு

பெரியம்மா: தினேஷ் கண்ணு, மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறாயாமே. உன் அம்மா இப்போதுதான் போனில் புலம்பினாள். ஸ்வெட்டர் இருக்கிறதா?

தினேஷ்: இருக்கிறது பெரியம்மா. இங்கே இங்கிலாந்தில் பிரஸ்டனிலிருந்து ரயிலில் ஏரி மாவட்டத்து விண்டர்மியருக்கு வந்து, அங்கிருந்து மிதித்து ஆம்பிள்சைடில் தங்கியிருக்கிறேன். நாளைக்கு ரைனோஸ், ஹார்ட்நாட் என்று இரண்டு கணவாய். போய்விட்டு அதே வழியில் திரும்பணும்.

கவிதா: ஏரி மாவட்டம் என்கிறாய், படத்தில் எல்லாம் மலையாக இருக்கிறதே.

தினேஷ்: மலைக்கு நடுவில்தான் ஏரி அக்கா. ஆனால் பேரில் லேக் என்று இருப்பது பேசன்த்வெயிட் ஒன்றுதான். மற்றதெல்லாம் மியர், வாட்டர், டார்ன்.

மாமா (சைக்கிள் கடை): நாம் ஏரி, தாங்கல், மடு, குட்டை என்று பிரித்துச் சொல்கிற மாதிரி. அதை விடு. எவ்வளவு மேடு?

தினேஷ்: ஹார்ட்நாட்டில் ரொம்பச் செங்குத்தான இடத்தில் மூன்றடி போனால் ஓர் அடி ஏறணும் மாமா. மேற்குப் பக்கத்திலிருந்து வந்தால் இரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் கிட்டத்தட்ட 300 மீட்டர் ஏற்றம்.

கவிதா: பரங்கிமலையை மூன்று தடவை அடுக்கினால்தான் அந்த உயரம் வரும்!

மாமா (சைக்கிள் கடை): முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல்?

தினேஷ்: கடைசி கியரில் இரண்டும் 34.

மாமா (சைக்கிள் கடை): அப்போ ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே சுற்று. இரண்டு மீட்டர் நகரும். நம் கடை வாடகை சைக்கிளுக்கு முன்னால் 44, பின்னால் 18. ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போகும். தண்டையார்பேட்டை ஹைரோட்டில் அது ராஜா, பாலத்தில் ஏறினால் முழங்கால் கழன்றுவிடும். உன் கியர் ஏறும் மாப்பிள்ளை. ஆனால் நடக்கிற வேகத்தில்தான் ஏறுவாய். அந்த வேகத்தில் வண்டி நேராக நிற்பதே வித்தை. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் எடை குறையும், ஈரத்தில் வழுக்கும். சீட்டின் நுனியில் உட்கார்ந்து, மார்பை ஹேண்டில்பாருக்கு இறக்கு.

பெரியம்மா: தம்பி, நீ அவனுக்குப் புத்தி சொல்லித் தடுப்பாய் என்று பார்த்தால் வழி சொல்லிக் கொடுக்கிறாய்.

மாமா (சைக்கிள் கடை): அக்கா, ஏறும்போது விழுந்தால் சிராய்ப்புதான். இறக்கம்தான் ஆளை அடிக்கும். மாப்பிள்ளை, பிரேக்கைப் பிடித்த பிடியில் இறங்காதே. ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னாலேயே பிடித்து வேகத்தைக் குறை, வளைவில் விட்டுவிடு.

தினேஷ்: என்னுடையது டிஸ்க் பிரேக் மாமா.

மாமா (சைக்கிள் கடை): டிஸ்க் என்ன தயிர்சாதத்திலா செய்திருக்கிறான்? அதுவும் சூடாகும்.

தினேஷ்: சரி மாமா 🙏 இன்னொன்று கேட்கணும். ஆடுமாடு தாண்டாமலிருக்க சாலைக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்து வைத்திருக்கிறார்கள். மழையில் அதன்மேல் போகும்போது பயமாக இருக்கிறது.

மாமா (சைக்கிள் கடை): துறைமுகத்துக்குள் போகும் தண்டவாளத்தை எப்படித் தாண்டுவோமோ அப்படித்தான். ஹேண்டில்பாரை நேராக வை, பிரேக் பிடிக்காதே, திருப்பாதே. தண்டவாளத்தில் சாய்வாக ஏறி விழுந்தவர்களுக்கு ரிம் கோட்டம் எடுத்தே நான் பாதி வீடு கட்டினேன்.

ஞாயிறு

தினேஷ்: 📷 ரைனோஸ் முடிந்தது. சாலை ஒரு கார் போகிற அகலம்தான். எதிரில் இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கும் இடம்வரை பின்னால் போகணும். இரண்டு பக்கமும் கல்சுவர். சிமெண்டும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது, வெறும் கல்லை அடுக்கியே கட்டியிருக்கிறார்கள்.

கவிதா: அந்தச் சாம்பல் நிற ஆடு அழகு. பக்கத்தில் கறுப்பாக இருப்பது வேறு ஜாதியா?

தினேஷ்: அது அதன் குட்டிதான் அக்கா. ஹெர்ட்விக் என்று பேர். பிறக்கும்போது கறுப்பு, வளர வளர சாம்பலாக மாறிவிடும். மலைமேல் வேலியே கிடையாது, யாரும் கட்டிப்போடுவதும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் மேய்ச்சல் இடத்தை விட்டுப் போகாதாம். தாய் குட்டிக்குப் பழக்கிவிடுகிறது.

பெரியம்மா: ஆட்டுக்குட்டிக்கு இருக்கிற பாசம்கூட உனக்கு இல்லையே கண்ணு. நாலு வருஷமாகிறது இங்கே வந்து.

தினேஷ்: 😶

தினேஷ்: 📷 இது ஹார்ட்நாட்டின் அந்தப் பக்கச் சரிவில் இருக்கும் ரோமானியக் கோட்டை. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தது, ஏறக்குறைய 1,900 வருஷம் ஆகிறது. இங்கே காவலிருந்த படை டால்மேஷியாவில் திரட்டியது, இப்போதைய குரோஷியக் கடற்கரை.

பெரியம்மா: ஐயோ பாவம். வெயில் ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டுபோய் அந்தக் குளிரில் நிறுத்தினானா? அவர்கள் அம்மாவும் இப்படித்தான் புலம்பியிருப்பாள்.

கவிதா: அங்கே எவ்வளவுதான் மழை பெய்யும்?

தினேஷ்: ஸீத்வெயிட் என்று ஒரு சின்ன ஊர், இங்கிலாந்தில் ஆள் வசிக்கும் ஊர்களிலேயே அதிக மழை அங்கேதான். வருஷத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். சென்னைக்கு 1,400தானே.

மாமா (சைக்கிள் கடை): அந்த 1,400க்கே கணேசபுரம் சுரங்கப்பாதை ஏரி ஆகிவிடுகிறது. நம் ஊரில் மேடு கிடையாது, பள்ளம்தான் உண்டு.

(இரண்டு மணிநேரம் கழித்து)

தினேஷ்: 📷 திரும்பி ஏறிவிட்டேன்! ஹார்ட்நாட் உச்சி, 393 மீட்டர்!!

தினேஷ்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: ஒரு தடவைகூடவா? நம்பவே முடியவில்லை. வாழ்த்துகள்டா!

பெரியம்மா: முருகா. நல்லபடியாக இறங்கு.

மாமா (சைக்கிள் கடை): சபாஷ் மாப்பிள்ளை.

மாமா (சைக்கிள் கடை): இரு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். ஷூவின் அடியில் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் தெரிகிறது.

தினேஷ்: கிளீட் மாமா. பெடலில் மாட்டிக்கொள்வது.

மாமா (சைக்கிள் கடை): தெரியும். கடைக்கு வருகிற ஐடி பையன்கள் அதைப் போட்டுக்கொண்டு டக் டக் என்று நடப்பார்கள். பெடலிலேயே மாட்டியிருந்தால் அதில் மண்ணும் புல்லும் எப்படி ஏறியது? நுனி வேறு தேய்ந்திருக்கிறது.

கவிதா: அட, மேலே இருந்த செய்தியைக் காணோமே. "ஒரு தடவைகூடக் கால் ஊன்றவில்லை" என்று போட்டிருந்தான். என்னிடம் ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது 😂

தினேஷ்: அக்கா!!

தினேஷ்: சரி, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு இடத்தில் இறங்கினேன். முதல் தடவை வளைவில் உள்பக்கமாகத் திருப்பிவிட்டேன், அங்கேதான் சுவர் மாதிரி நிற்கிறது, முன்சக்கரம் தூக்கிவிட்டது. இரண்டாவது தடவை மேலேயிருந்து ஒரு கார் வந்தது, ஒதுங்கி நின்றேன். நின்றதோடு சரி. அந்தச் சரிவில் மறுபடி ஏறி உட்கார்ந்து, ஷூவைப் பெடலில் மாட்டுவதற்குள் வண்டி பின்னால் உருளுகிறது. நாலு தடவை பார்த்தேன். அப்புறம் தள்ளிக்கொண்டு நடந்தேன், சாலையில் வழுக்கியதால் ஓரப் புல்லில். ஒரு ஆடு கூடவே வந்தது.

மாமா (சைக்கிள் கடை): சாலை காலியாக இருந்தால் வளைவின் வெளிப்பக்கமாகப் போகணும். தூரம் கொஞ்சம் கூடும், ஏற்றம் குறையும்.

மாமா (சைக்கிள் கடை): நான் சூளையிலிருந்து டயர் கட்டு ஏற்றிக்கொண்டு வருவேன். கேரியரில் ஆறு, தோளில் நாலு. யானைக்கவுனி பாலத்தில் பாதியிலேயே மூச்சு நின்றுவிடும். இறங்கித் தள்ளலாம் என்று நினைக்கும்போது வண்டி திடீரென்று லேசாகும். பின்னால் யாரோ ஒருவர் கேரியரில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். மேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். மீன்பாடி வண்டிக்காரர்களுக்கு நானும் அப்படித் தள்ளியிருக்கிறேன். அந்தப் பாலத்தை முழுசாக மிதித்தே ஏறினேன் என்று உன் அத்தையிடம் சொல்லித்தான் கல்யாணம் பண்ணினேன்.

கவிதா: மாமா, அத்தையும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

அத்தை: தெரியும். அன்றைக்குத் தள்ளினது எங்க அண்ணன்தான்.

கவிதா: 😂😂😂

மாமா (சைக்கிள் கடை): மாப்பிள்ளை, தேய்ந்த கிளீட் பெடலிலிருந்து நழுவும். இன்றைக்கு இனிமேல் இறக்கத்தில் எழுந்து நிற்காதே. வீட்டுக்குப் போனதும் மாற்று, இரண்டு ஷூவுக்கும்.

தினேஷ்: சரி மாமா. போட்ட சபாஷ்?

மாமா (சைக்கிள் கடை): முக்கால் சபாஷ் இருக்கட்டும்.

பெரியம்மா: கண்ணு, ஆட்டைக்கூடக் கட்டாத ஊர் என்கிறாய். சாப்பிடப் போகும்போது சைக்கிளைப் பூட்டிவிட்டுத்தானே போகிறாய்?

தினேஷ்: பூட்டுகிறேன் பெரியம்மா. நான் ராயபுரத்துப் பையன்.